மரபணு நகல் எண்ண கியூபிசிஆரா, டிஜிட்டல் பிசிஆரா?

மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியான உமிழ்நீர் அமைலேஸின் மரபணு சிம்பன்சியிடம் 2 நகல்தான். மனிதரிடம் ஆளுக்கு ஆள் மாறும், 10-ஐத் தாண்டுவதும் உண்டு. இதை எண்ண எந்த முறை? இரண்டும் டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் பிசிஆர் சோதனையின் வகைகள்: கியூபிசிஆர் பெருகும் வேகத்தை வைத்து அளவை மதிப்பிடும், டிஜிட்டல் பிசிஆர் மாதிரியைப் பிரித்து எண்ணும்.

செலவு: கியூபிசிஆர் மலிவு, கருவியும் பல ஆய்வகங்களில் இருக்கும். டிஜிட்டலுக்குத் தனிக் கருவி வேண்டும்.

துல்லியம்: விஷயமே இங்கேதான். 2-லிருந்து 3 என்றால் 50 சதவீத உயர்வு. 10-லிருந்து 11 என்றால் வெறும் 10. கியூபிசிஆர் அங்கே தடுமாறும். டிஜிட்டல் முறை, மாதிரியைச் சுமார் 20,000 துளிகளாக்கி, மரபணு இருப்பதால் ஒளிரும் துளிகளை எண்ணுகிறது. ஆனால் டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் நகல்களை முதலில் நொதியால் வெட்டியே ஆக வேண்டும். விட்டால் பல நகல்கள் ஒரே துளிக்குள் போய் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இரு இனங்களின் சராசரியை ஒப்பிட கியூபிசிஆர் போதும். மனிதருக்கு மனிதர் ஒப்பிட, செலவானாலும் டிஜிட்டலையே எடுங்கள்.