தோள்பட்டை வலிக்கு போன பிசியோ கிளினிக், மதுரை கே.கே.நகர் பக்கம் (4 ஸ்டார்)

அம்மாவுக்கு 58 வயசு, சுகர் 12 வருஷமா. வலது தோள் பிடிச்சுக்கிட்டு கைய தலைக்கு பின்னாடி கொண்டு போகவே முடியல, மல்லிப்பூ வாங்கி மடியில வச்சுக்கிட்டு நான் ஆபீஸ்ல இருந்து வந்து வச்சு விடணும்னு உக்காந்திருப்பாங்க, மதுரக்காரிக்கு இதவிட என்ன கொடுமை வேணும் சொல்லுங்க. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு பிசியோவுக்கு அனுப்பினாரு.

இங்க பிடிச்சதே, போன உடனே கரண்டு மெஷின மாட்டல. முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சு முன்கைய மட்டும் வெளிப்பக்கம் திருப்ப சொன்னாங்க, ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானிக்கு ரெண்டு காலு மொளச்ச மாதிரி ஒண்ண வச்சு அளந்தா வெறும் 20 டிகிரி, நல்ல கையில 70. இதுதான் ரொட்டேஷன், எலும்பு இருக்க இடத்துலயே குழாய் மாதிரி திரும்புறது, கைய தூக்குறது வேறயாம். மூட்ட சுத்தி இருக்க உறை சுருங்குனா மொத அடி இந்த வெளித் திருப்பத்துக்குத்தான், சுகர்காரங்களுக்கு இது ஜாஸ்தி வரும்னாங்க. அப்புறம் அவங்களே கைய பிடிச்சு திருப்பி பாத்தாங்க, அப்பவும் அதே 20லயே நின்னுச்சு, தசை கிழிஞ்சிருந்தா பெரும்பாலும் அடுத்தவங்க திருப்புனா திரும்பும்மான்னு சொன்னாங்க. இத யாருமே எங்களுக்கு சொல்லல இதுவரை.

அடுத்து "இன்சுலின் ரொட்டேட் பண்றீங்களாம்மா"ன்னு கேக்க, அம்மா பாவம் கைய சுத்திக் காமிக்கிறாங்க 😄 அது ஊசி போடுற எடத்த மாத்துறதாம். தொப்புளுக்கு இடது பக்கம் ஒரே எடத்துல போட்டு போட்டு கட்டியாயிருக்கு, அதுல போட்டா மருந்து ஒழுங்கா ஏறாது, சுகர் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், ஒரு விரல் தள்ளி தள்ளி போடுங்கன்னாங்க.

ஒரு ஸ்டார் குறைச்சது மூணாவது ரொட்டேஷனுக்கு. படிக்கிற புள்ளைகள பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா மாத்துறாங்க, புதுசா வர்றவுக மறுபடி மொதல்லருந்து கதை கேக்குறாங்க, ஒரு தம்பி வெடுக்குன்னு இழுத்துவிட்டு அன்னைக்கு ராத்திரி அம்மா தூங்கவே இல்ல. பைல்ல எழுதி வச்சா என்ன?

ஆறு வாரத்துல 45 டிகிரி வந்திருக்கு. வீட்டுல ஒட்டடைக்குச்சிய ரெண்டு கையிலயும் பிடிச்சு தள்ளுற பயிற்சிதான் தெனமும், முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவுல துண்ட சுருட்டி வச்சுக்கணும். ஒரு தடவைக்கு 300 ரூபா. மாடிக்கு லிப்ட் கிடையாது, முட்டி வலின்னா போன் போட்டு கேட்டுட்டு போங்க.