ஆயுதக் காவலா, மதில் முகாமா, ஊர் இணக்கமா? ஆப்பிரிக்கா செல்லும் ரிக் குழுக்களுக்கு ஓர் அலசல்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் அவற்றை இயக்கும் ஆட்களும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் 2025 நவம்பரில் மாலியின் கோப்ரி அருகே மின்மயமாக்கல் பணியில் இருந்த இந்தியர்கள் ஐவர் கடத்தப்பட்ட பிறகு, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டாக வேண்டும். இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான்: ஆயுதக் காவல், மதில் சூழ்ந்த முகாம், ஊராருடன் இணக்கம்.

நம்மவர்கள் முதலில் நம்புவது துப்பாக்கியைத்தான். ஆப்கானிஸ்தானில் 218 கிலோமீட்டர் நீளமுள்ள டெலாராம்–சரஞ்ச் சாலையை இந்தியா அமைத்தபோது, 2005-இல் கேரள ஓட்டுநர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் பணியாளர்களுக்குக் காவல் நின்றும் தாக்குதல் நிற்கவில்லை; 2008-இல் தற்கொலைத் தாக்குதலில் காவலர்களே உயிரிழந்தார்கள். காவல் இருந்தால் ஆளைத் தூக்கிச் செல்வது கடினமாகிறது என்பது உண்மை. ஆனால் அரசுப் படையின் வண்டி முன்னே செல்லும்போது, பின்னால் வருபவரும் அரசின் ஆளாகவே பார்க்கப்படுகிறார். 2018-இல் பக்லான் மாகாணத்தில் காவலின்றிச் சென்ற இந்தியப் பொறியாளர்கள் எழுவர் கடத்தப்பட்டபோது, அரசு ஊழியர்கள் என்று தவறாக எண்ணியே பிடித்துச் சென்றதாக அம்மாகாண ஆளுநர் கூறினார். நாம் யாருடைய ஆளாகத் தெரிகிறோம் என்பது அந்த அளவுக்கு முக்கியம்.

மதில் முகாம் இரவில் உதவும். பகலில் முகாமிலிருந்து பாயின்டுக்கு, அதாவது துளையிடும் இடத்துக்கு, போகும் சாலைதான் ஆபத்து. ஒரே வண்டி, ஒரே வழி, ஒரே நேரம் என்று பழகிவிட்டால், கவனித்துக்கொண்டிருப்பவனுக்கு வேலை சுலபமாகிவிடும். போதாததற்கு, கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் வண்டி நிற்கும் இடம் சுற்று வட்டாரத்துக்கே கேட்கும்; ரிக்கை ஒளித்து வைக்க முடியாது. ஆட்கள் போய்வரும் நேரத்தையும் வழியையும் மாற்ற முடியும், அதற்குச் செலவும் குறைவு. மூன்றில் எதைத் தேர்ந்தாலும் இதை விடவே கூடாது.

ஊர் இணக்கத்தில் நமக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு, ஏனென்றால் நாம் கொண்டுபோவது தண்ணீர். உள்ளூர்ப் பெரியவர்களிடம் முன்பே பேசி, அவ்வூர் இளைஞர்களுக்கு வேலை கொடுத்துத் தோண்டும் குழுவுக்கு, சாலையில் புதிய ஆட்கள் தென்பட்டால் யாராவது ஒருவர் சொல்வார். ஆனாலும் பாயின்ட் எந்தப் பக்கம் என்பதில் மேய்ச்சல்காரருக்கும் உழவருக்கும் வழக்கு இருந்தால் அதே கிணறு பகையாகும். வெளியிலிருந்து வரும் கூட்டத்தை ஊரின் நல்லெண்ணம் தடுப்பதுமில்லை: அகதிகளுக்குக் கல்விப் பணி செய்த சிவகங்கைப் பாதிரியார் ஒருவர் 2014-இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத் அருகே ஒரு பள்ளியிலிருந்தே கடத்தப்பட்டு, எட்டு மாதங்களுக்கும் மேலாகச் சிறையிருந்தார்.

என் தேர்வு ஊர் இணக்கமும், கணிக்க முடியாத பயணமும். பணத்துக்காகக் கடத்தும் கொள்ளையர் உலவும் நெடுஞ்சாலையில் மட்டும் ஆயுதத் துணை. ஆயுதக் குழுவே வெளிநாட்டு நிறுவனங்களைக் குறிவைக்கும் மாவட்டம் என்றால் மூன்றும் போதாது, வேலையை ஏற்காமல் இருப்பதே சரி. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியகல்வு அனுமதி (வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு அரசு சோதித்துத் தரும் அனுமதி) தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மாலியும் நைஜரும் இல்லாததால், அந்தச் சோதனையும் அங்கே செல்பவருக்குக் கிடைக்காது. ஆகவே, நிலைமை மோசமானால் அன்றைய வேலையை நிறுத்தும் உரிமை களத்திலுள்ள டிரில்லருக்கே உண்டு என்றும், வண்டி நிற்கும் நாளின் வாடகை இழப்பை அவர்மேல் ஏற்றக் கூடாது என்றும், புறப்படுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.