ஆறாத கால் புண்ணும் உள்ளே கிடந்த செத்த எலும்பும்: நாங்கள் போன குதிரை மருத்துவமனை பற்றி

வேலிக் கம்பியில் மாட்டி என் குதிரைக்குப் பின்னங்கால் கிழிந்தது. கணுவுக்கு மேலே தோல் உரிந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர் அன்றே எக்ஸ்ரே எடுத்தார், முறிவு இல்லை என்று தையல் போட்டு மருந்து கொடுத்தார். புண்ணும் மூடியது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மிளகு அளவுக்கு ஓட்டை, அதில் சீழ். ஆன்டிபயாடிக் கொடுத்தால் காயும், நிறுத்தினால் திரும்ப ஒழுகும். இப்படியே ஒரு மாதம் ஓடியது. மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாம் என்று யாருமே சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் குதிரைகளுக்கென்றே இருக்கும் இந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இங்கே டாக்டர் முடியை மழித்துவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டைக்குள் மெதுவாக விட்டார், அது கெட்டியாக எதிலோ முட்டி நின்றது. உடனே நாலு கோணத்தில் எக்ஸ்ரே. படத்தில் எலும்பின் ஓரத்தில் ஒரு சில்லு தனியாக, சுற்றிலும் கறுப்பு வளையத்தோடு கிடந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். குதிரைக்கு அந்த இடத்தில் தசையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக தசைநாரும் எலும்பும்தான். அடிபட்டு எலும்பை மூடியிருக்கும் சவ்வு உரிந்தால் மேல்பக்க எலும்புக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிடும், சீக்வெஸ்ட்ரம் என்பார்களாம். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும்? செத்த சில்லு பிரிந்து படத்தில் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதனால் அடிபட்ட அன்று எடுத்த படம் சுத்தமாக இருந்ததில் வியப்பில்லை என்றார்.

மயக்க ஊசி போட்டுப் படுக்க வைக்காமல், தூக்க மருந்தும் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து நிற்க வைத்தே எடுத்தார்கள். எடுத்த சில்லை என் கையில் தந்தார்கள்: விரல் நகம் கனத்தில், மஞ்சளாக, ஓரமெல்லாம் அரித்துப்போய். இவ்வளவு சின்னதுக்கா என் குதிரை இத்தனை நாள் துடித்தது என்று கண் கலங்கிவிட்டது.

குறை என்றால் ஒன்று. கட்டு மாற்றும் முறையை வாயால் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். கட்டு இறுகினால் தசைநாருக்குக் கேடு, தளர்ந்தால் நழுவிவிடும், எழுதிக் கொடுத்திருக்கலாம். மற்றபடி போனில் எப்போது கேட்டாலும் பதில் வந்தது. பத்து நாளில் சீழ் நின்றது, இப்போது நொண்டாமல் நடக்கிறது.

ஆறின புண் மறுபடி வாய் திறந்தால் இங்கே போங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.