மினி பிசி: பெட்டி நல்ல பெட்டி, முன்பக்க போர்ட்தான் உயிரை வாங்குகிறது

பழைய சி.பி.யு.வைத் தூக்கிப் போட்டுவிட்டு மினி பிசி, அதாவது கையடக்கப் பெட்டியில் அடங்கிவிடும் கம்ப்யூட்டர், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடையது இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அவருடைய பிராசஸரை ஏற்றுக்கொள்ளாது, அதனால் ஏதாவது செய்தே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார். சில வருடமாக ஒரு மினி பிசியில் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறவன் என்பதால் என்னைக் கேட்டார். ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. எல்லாம் எந்தக் கடையிலும் சொல்வார்கள், அதை விடுங்கள். கடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

முன்பக்கம் இரண்டு யு.எஸ்.பி. போர்ட், இரண்டும் வேகமான 3.0 வகை, நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. ஒன்றில் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸுக்கான டாங்கிள், அதாவது அவற்றின் சிக்னலை வாங்கும் குட்டி யு.எஸ்.பி. துண்டு. இன்னொன்றில் வேலைக் கோப்புகள் இருக்கும் வெளி எஸ்.எஸ்.டி. யார் வாங்கினாலும் இப்படித்தான் செருகுவார்கள், கைக்கு எட்டுகிற இடம் அதுதானே. செருகிய நாளிலிருந்து மவுஸ் அம்புக்குறி திக்கித் திக்கி நகரும், சில நேரம் அப்படியே நின்றுவிடும். கீபோர்டில் எழுத்து விழுங்கும். ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களுக்கு ஒரு எழுத்து போனால் அடியில் சிவப்புக்கோடு வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகை முறையில் நிலைமை வேறு. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டுகிறோம், அந்த உயிர் போய்ச் சேரவில்லை என்றால் பாடம் படமாகிவிடும், காலை கலையாகிவிடும். இரண்டும் சரியான சொல் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. மெய்ப்பு பார்க்கிறவர் கண்ணில் பட்டால் உண்டு, இல்லையென்றால் அச்சில் போய் உட்கார்ந்துவிடும்.

சர்வீஸுக்குச் சொன்னேன். மவுஸ், கீபோர்டு பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். டிரைவரை அழித்துவிட்டுப் போடச் சொன்னார்கள், செய்தேன். பிறகு விண்டோஸையே புதிதாகப் போடச் சொன்னார்கள். ஒருவர்கூட டாங்கிள் எந்த போர்ட்டில் இருக்கிறது, பக்கத்தில் என்ன செருகியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்தக் கோளாறு ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் மவுஸ் அதிகமாகத் திக்குகிறது, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றினால் அந்த நொடியே சரியாகிவிடுகிறது என்பதைக் கவனித்த பிறகு தேடிப் பார்த்தேன். விஷயம் எளிமையானது. யு.எஸ்.பி. 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழுப்புகிற மின்னிரைச்சல் அகலமாகப் பரவுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அதற்குள் வருகிறது. வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, புளூடூத் எல்லாம் பேசுவது அதே 2.4-இல்தான். போர்ட் மட்டுமல்ல, செருகியிருக்கும் கருவியும் அதன் கேபிளும்கூட இரைச்சலைக் கக்கும். இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் டாங்கிளுக்கு, அரை மீட்டர் தள்ளி இருக்கும் மவுஸ் சொல்வது காதில் விழாது. இன்டெல் இதைப் பற்றி 2012-லேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கை போட்டிருக்கிறது. மறைப்புத் தகட்டை ஒழுங்காகப் போடுங்கள், ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள் என்பதுதான் அதன் சாரம். அத்தனை வருடத்துக்குப் பிறகும் இரண்டு 3.0 போர்ட்டை ஒட்டி ஒட்டி வைத்து, கையேட்டில் ஒரு வரிகூட எழுதாமல் விற்கிறார்கள் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

பின்பக்கம் கறுப்பு நிற யு.எஸ்.பி. 2.0 போர்ட் இருக்கிறதே, அதில் டாங்கிளைப் போடலாமே என்பீர்கள். போடலாம், பெட்டி மேசைமேல் இருந்தால். மினி பிசியின் பெரிய அழகே வெசா தகடு (மானிட்டரின் முதுகில் திருகி மாட்டும் தகடு) வைத்து மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிடலாம் என்பதுதான். மாட்டினால் டாங்கிளுக்கும் நமக்கும் நடுவில் இரும்புப் பெட்டி ஒன்று, மானிட்டர் ஒன்று. திக்கல் வேறு ரூபத்தில் திரும்பி வந்தது.

கடைசியில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு மீட்டர் யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள்தான் காப்பாற்றியது. பின்பக்கக் கறுப்பு போர்ட்டிலிருந்து கேபிளை இழுத்து வந்து, டாங்கிளை மேசை விளிம்புக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கீபோர்டை மட்டும் ஒயர் வைத்ததாக மாற்றிக்கொண்டேன், எழுத்து விஷயத்தில் இனி எதையும் நம்புவதாக இல்லை. கேபிள் வாங்கும்போது 2.0 என்று கேட்டு வாங்குங்கள். வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் 2.4-இல் நெரிசல் கொஞ்சம் குறையும்.

இதைத் தவிர்த்துப் பார்த்தால் பெட்டியைக் குறை சொல்ல மனசு வரவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போது பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கிறது. பழைய சி.பி.யு. காலத்தில் கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும், சேவ் செய்துவிட்டு மூடவே நேரம் சரியாக இருக்கும். இப்போது வீட்டு இன்வெர்ட்டரிலேயே மணிக்கணக்காக ஓடுகிறது, ஃபேனும் லைட்டும் சேர்ந்து. இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை மட்டும் யு.பி.எஸ். பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மாறும் நேரம் குறைவு, பெட்டி அணையாது. மின்சாரம் போய் வந்ததும் தானாகவே ஆன் ஆக வேண்டும் என்றால் பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் செட்டப் திரையில், அதற்கு ஒரு அமைப்பு இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். மானிட்டருக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு பவர் பட்டனைத் துழாவும் வேலை மிச்சம். சித்திரை வெயிலில் பெரிய பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் உள்ளே இருக்கும் சின்ன விசிறி கொஞ்சம் சத்தம் போடும், மற்றபடி ஓடுகிறதா என்றே தெரியாது. இரவில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த அமைதி பெரிய விஷயம்.

மானிட்டர் 4கே என்றால் அதை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1.4 என்றால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், அதாவது படம் விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும், அதுவே ஒரு தனித் திக்கல். டிஸ்பிளே போர்ட் 1.2 இருந்தால் அதில் 60 வரும், கவலை இல்லை. அப்புறம் அடாப்டர். சில கம்பெனிகளின் பெட்டிகள் தங்கள் அடாப்டர்தானா என்று அடாப்டர் முனையின் நடு ஊசி வழியாக விசாரிக்கும், வேறு அடாப்டர் போட்டால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். ஆக, மலிவு அடாப்டர் கூடாது.

சரி, நண்பருக்குப் பதில். வாங்க வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது பொருந்தவில்லை என்று தெரியும், ஆனாலும் என் பதில் அதுதான். உங்களிடம் இருப்பது டிடிஆர்4 ராம், நல்ல கேபினட், முன்பக்கத்திலேயே இரண்டு 2.0 போர்ட். டிடிஆர்4 எடுத்துக்கொள்ளும் எச்610 மதர்போர்டு ஒன்றும் 12-ஆம் தலைமுறை ஐ3-யும் போட்டால் விண்டோஸ் 11 ஓடும், ராம் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் அந்தச் செலவும் மிச்சம். நீங்களும் நாள் முழுக்கத் தமிழில் தட்டுகிறவர். எழுத்து காணாமல் போகிறதா என்று ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள் உங்களுக்கு வரக் கூடாது. முன்பக்கம் ஒரே ஒரு 2.0 போர்ட் வைக்க மனசில்லாதவர்களுக்கு உங்கள் பணத்தைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. யாராவது முன்பக்கம் 2.0 போர்ட் உள்ள மினி பிசியைப் பார்த்தால் மாடல் பெயரைச் சொல்லுங்கள், நண்பரிடம் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.