பயிற்சியில் சலித்துப்போன குதிரை: கண்டிப்பா, வெளிச் சவாரியா, கழியா, தீனியா, ஓய்வா?

பயிற்சிக் களத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதே குதிரையின் நடை தளர்கிறது. கதவுப் பக்கம் வரும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கமே சாய்கிறது. கதவைத் தாண்டியதும் கால் இழுக்கிறது. முன்பெல்லாம் லேசாகக் கால் பட்டாலே கிளம்பிய குதிரைக்கு இப்போது மூன்று நான்கு முறை சொல்லவேண்டியிருக்கிறது. 20-க்கு 40 மீட்டர் களம், அதே மூலைகள், அதே வட்டம். எந்த மூலையில் கேன்டர் (நிதானமான பாய்ச்சல்) கேட்பார்கள் என்பது நாம் கேட்பதற்கு முன்பே அதற்குத் தெரியும்.

இப்படிச் சலித்துப்போன குதிரையை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இன்னும் கண்டிப்பாக ஓட்டு, வெளியே கூட்டிப் போ, கழி போட்டுத் தாண்டவிடு, தின்னக் கொடுத்துப் பழக்கு, கொஞ்ச நாள் சும்மா விடு. என் ஓட்டு வெளிச் சவாரிக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாக் குதிரைக்கும் அது முதல் மருந்து ஆகாது.

அதற்கும் முன்னால் ஒன்று. சலிப்பு என்று நாம் நினைப்பது பல நேரம் வலி. சேணம் முதுகை அழுத்தலாம், பல் கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கலாம், வயிற்றில் புண் இருக்கலாம். சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர் தன் குழுவோடு சேர்ந்து, சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு 2018-இல் வெளியிட்டார். காது 5 விநாடிக்கு மேல் பின்னால் மடங்கியே இருப்பது, வாய் 10 விநாடிக்கு மேல் திறந்திருப்பது, வாலை விடாமல் வீசுவது எல்லாம் அதில் வரும். 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் யாரையாவது வெளியே நிறுத்தி, நாம் ஓட்டுவதை முழுசாக வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது. மேலே உட்கார்ந்திருக்கும்போது தெரியாத பல விஷயம் அதில் தெரியும். சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அப்புறம்.

வலி இல்லை என்றாகிவிட்டால், முதலில் தள்ளவேண்டியது கண்டிப்பு. சோம்பல் குதிரைக்குச் சாட்டையும் குதிகாலில் மாட்டும் முள்ளும்தான் வழி என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குதிரை அழுத்தத்தால் கற்றுக்கொள்வதில்லை, அழுத்தம் விலகும் நொடியில்தான் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலால் தட்டிக்கொண்டே போனால் அந்த நொடி வருவதே இல்லை. ஓடினாலும் தட்டு, ஓடாவிட்டாலும் தட்டு என்றால் அது ஏன் ஓடவேண்டும்? கொஞ்ச நாளில் விலா மரத்துப்போகும், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதற்குச் ‘சலிப்பு’ என்று பெயர் வைப்பார்கள். ஒரு முறை தெளிவாகக் கேளுங்கள், கிளம்பியதும் காலைச் சும்மா தொங்கவிடுங்கள். இதை மட்டும் சரிசெய்தாலே பல குதிரைகள் உயிர்ப்போடு நடக்க ஆரம்பிக்கும். கயிற்றில் கட்டிச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். ஆள் இறங்கிவிட்டார், வட்டம் அப்படியே இருக்கிறது.

இனி வெளிச் சவாரி. லாயத்தை விட்டு நூறு மீட்டர் தள்ளி வந்ததும் குதிரையின் காதைப் பாருங்கள். களத்தில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த காது முன்னால் நிமிரும், கழுத்து நீளும், நடை தானாக அகலமாகும். போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்பது அதற்குப் பெரிய விஷயம். மேட்டில் ஏறும்போது பின்னங்காலும் இடுப்பும் பலப்படும். அதே வேலையைக் களத்தில் வாங்க எவ்வளவு கெஞ்சவேண்டியிருக்கும் என்பது ஓட்டுபவர்களுக்குத் தெரியும். வெளியே போனால் பயிற்சி கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். இரண்டு மரங்களுக்கு நடுவே வாக் (சாதாரண நடை) விட்டு ட்ராட் (துள்ளு ஓட்டம்), அடுத்த மரத்தில் மறுபடி வாக். பாதை அகலமாக இருந்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கால் அழுத்தத்தில் பக்கவாட்டாக நகர்த்துவது. பாடம் அதேதான், குதிரைக்கு அது பாடமாகத் தெரிவதில்லை. 2012 லண்டன், 2016 ரியோ இரண்டு ஒலிம்பிக்கிலும் டிரெஸாஜ் (களத்தில் நடை நுணுக்கங்களைக் காட்டும் போட்டி) தனிநபர் தங்கம் வென்ற வலேக்ரோ, பிரிட்டிஷ் டிரெஸாஜ் வீரர் கார்ல் ஹெஸ்டரின் லாயத்துக் குதிரை. அங்கே வாரம் முழுக்கக் களத்தில் அடைத்துப் பயிற்சி தருவது வழக்கமில்லை. வெளிச் சவாரியும் புல்வெளியில் திரிவதும் உயர்மட்டப் போட்டிக் குதிரைகளுக்கும் உண்டு.

குறையும் இருக்கிறது. தனியாகப் போக மிரளும் குதிரையை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்தால் சலிப்பு போய்ப் பயம் வந்து உட்காரும். அதற்கு நிதானமான இன்னொரு குதிரை முன்னால் போகவேண்டும். கெட்டித் தரையில் நீண்ட ட்ராட் மூட்டுக்கு ஆகாது. தினமும் ஒரே பாதையில் போய் ஒரே இடத்தில் திரும்பினால், திரும்பியதும் லாயத்தை நோக்கி இழுக்கக் கற்றுக்கொள்ளும்.

வெளியே போக இடமில்லாதவர்களுக்கு அடுத்த நல்ல வழி தரையில் போடும் கழிகள். கழியைப் பார்த்ததும் குதிரை தலையைத் தாழ்த்தி, எங்கே கால் வைப்பது என்று தானே கணக்குப் போடும். நாம் சொல்லாமலே முதுகு உயரும், கால் மடங்கும். நடுத்தர உயரக் குதிரைக்கு வாக்கில் 80 முதல் 90 செ.மீ., ட்ராட்டில் 1.2 முதல் 1.4 மீட்டர், கேன்டரில் சுமார் 3 மீட்டர் இடைவெளி வைத்துத் தொடங்கி, அதன் காலடிக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். இடைவெளி தப்பானால் கழியில் கால் இடித்து நம்பிக்கை போய்விடும், ஆகவே கீழே ஒருவர் நின்று சரிசெய்துகொண்டே இருப்பது நல்லது. ட்ராட்டில் இரண்டே கழி போடாதீர்கள். சில குதிரைகள் இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவப் பார்க்கும். ஒன்று, அல்லது மூன்று. பத்துப் பதினைந்து நிமிடம் போதும், வெளியே தெரிவதைவிட இது கடினமான உழைப்பு. ஒரு மாதம் அதே அமைப்பை அப்படியே விட்டுவைத்தால் பழைய மூலையும் வட்டமும் போல இதுவும் ஆகிவிடும். விசிறியாக, வளைவாக, ஒற்றைக்கழியாக மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

தீனி கொடுத்துப் பழக்குவதில் வேகமான பலன் இருக்கிறது, வேகமான கேடும் இருக்கிறது. சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு சின்ன ஒலி, உடனே ஒரு கவளம். நேரம் தப்பினால் அதற்கு முன் செய்த அசட்டுத்தனத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். சட்டைப்பையை மோந்து கடிக்கும் பழக்கம் வராமலிருக்க, தலை நம்மைவிட்டு விலகி நேராக இருக்கும்போது மட்டும் கொடுங்கள். குளம்பு அழற்சி வந்த குதிரைக்குச் சர்க்கரைப் பொருள் கூடாது. தீனி வேண்டாம் என்றால் பிடரி முடிகிற இடத்தில், முதுகு தொடங்கும் மேட்டில், விரலால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அது; அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் படபடவென்று தட்டுவதைவிட இது பல மடங்கு மேல்.

ஓய்வைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினமும் பழக்கப்பட்ட போனிகளைவிட (சின்ன வகைக் குதிரைகள்) வாரம் ஒரு முறை பழக்கப்பட்டவை குறைவான வகுப்புகளிலேயே பாடத்தைக் கற்றுக்கொண்டன. மொத்த நாட்கள் கூடுதல்தான், ஆனால் வகுப்பு குறைவு. அதாவது இடைவெளி விட்டதால் பாடம் மறந்துபோகவில்லை. பாரம்பரியக் குதிரையேற்றக் கலைக்குப் பேர்போன வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில், லிப்பிசானர் இன ஆண் குதிரைகளுக்கே கோடையில் ஊருக்கு வெளியே விடுமுறை உண்டு. ஆனால் கொட்டிலில் அடைத்து வைப்பது ஓய்வாகாது. நாளின் பெரும்பகுதியை மேய்ந்துகொண்டே நடப்பதில் கழிக்கும் உயிர் அது. வேறு குதிரைகளோடு திறந்த வெளியில் விடுவதுதான் ஓய்வு. வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வேலை பார்க்கும் குதிரைக்கு இந்த மருந்து வேலை செய்யாது, அதற்குக் குறைவது உழைப்பு.

சரி, எதை எடுப்பது? போட்டிக்காக வாரம் ஐந்தாறு நாள் களத்தில் ஓடிய குதிரைக்கு முதலில் இரண்டு மூன்று வாரம் புல்வெளி, அப்புறம் வெளிச் சவாரி. கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பலரைச் சுமந்து விலா மரத்துப்போன குதிரைக்குத் தரையில் நின்றபடி தீனியோ சொறிதலோ வைத்துத் தொடங்குங்கள். மனிதர் கேட்டால் நல்லது நடக்கும் என்று அது மறுபடி நம்பவேண்டும். துறுதுறுப்பான இளம் குதிரைக்குக் கழி. மற்ற எதற்கும் வெளிச் சவாரிதான். களத்துக்கு வாரம் இரண்டு மூன்று நாள், அரை மணிக்கு மிகாமல் போதும். நன்றாகச் செய்த முதல் முயற்சியிலேயே இறங்கி, வாரைத் தளர்த்தி, கூட நடந்து வெளியே வாருங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கேட்பதில்தான் பல குதிரைகளின் மனசு விட்டுப்போகிறது.

பலன் தெரிகிறதா என்று சேணம் கொண்டுவரும்போது பாருங்கள். முகத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் போன குதிரை நின்ற இடத்திலேயே நின்றால் பாதை சரி. ஆறேழு வாரம் கழித்தும் களத்தில் மட்டும் அதே சுணக்கம் இருந்து, வெளியே துள்ளிக்கொண்டு நடக்கிறது என்றால், அந்தக் குதிரைக்கு டிரெஸாஜைவிட நெடுந்தூரச் சவாரியோ தாண்டுதலோ பிடித்திருக்கலாம். அதன் விருப்பத்துக்குத் துறையை மாற்றிப் பார்க்கத் தயங்கவேண்டாம்.