எண்கள் தடுமாறும் பிள்ளைக்கு: என்ஐஓஎஸ்ஸா, ஐஜிசிஎஸ்இயா?

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க, இந்தியாவில் பெரும்பாலோர் முன் இருப்பவை இரண்டுதான்: மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியமான என்ஐஓஎஸ், பிரிட்டிஷ் தேர்வு வாரியங்கள் நடத்தும் பன்னாட்டுத் தேர்வான ஐஜிசிஎஸ்இ.

கற்றல் குறைபாடு இருந்தால் முதலில் என்ஐஓஎஸ்ஸைப் பாருங்கள். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருந்தால் போதும். கணிதம் கட்டாயமில்லை. கணக்கைக் கண்டாலே முடங்கும் பிள்ளைக்கு மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி என்று மாற்றிப் போடலாம். ஆனால் பதினொன்றில் கணிதப் பிரிவு கேட்டால் கதவு அடைபடும். பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துவிடுங்கள். பதிவு ஐந்தாண்டு செல்லும், ஒன்பது வாய்ப்பு. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்து எழுதலாம். தமிழ்வழியும் உண்டு, பாடநூல்கள் இணையத்தில் இலவசம். பலர் கோட்டைவிடுவது டிஎம்ஏவில்தான், அதாவது வீட்டில் எழுதிக் கொடுத்து ஆசிரியர் மதிப்பெண் போடும் ஒப்படைப்பில். தேதி தவறினால் அந்த மதிப்பெண் போனதுதான்.

ஐஜிசிஎஸ்இயில் ஒரு பாடத்தின் தேர்வுக் கட்டணமே பத்தாயிரத்தைத் தாண்டும், புத்தகச் செலவு தனி. தனித்தேர்வர்களை எல்லா மையமும் சேர்ப்பதில்லை. கணிதத்தில் எளிய 'கோர்' நிலை இருக்கிறது. அதில் அதிகபட்சம் 'சி' கிரேடுதான். ஆங்கிலத்தில் சரளமாக எழுதும், ஆனால் மெதுவாக எழுதும் பிள்ளைக்கு இது பொருந்தும்: 25 சதவீதம் வரை கூடுதல் நேரம் கிடைக்கும்.

எதுவானாலும், மருத்துவ அல்லது உளவியல் மதிப்பீட்டு அறிக்கையைத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே வாங்கி வையுங்கள். என்ஐஓஎஸ்ஸில் எழுத்தர் (பிள்ளை சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர்) கேட்க அரசு மருத்துவமனைச் சான்று கையில் இருப்பது நல்லது.