அம்மா உணவகத்துல மூணு வேளையும் சாப்பிட்டு எழுதுற ரிவ்யூ

சென்னைல புதுசா ஒரு கஃபே திறந்தா அடுத்த நாளே பத்து ரீல்ஸ் வந்துடுது. ஆனா 2013லேர்ந்து தினமும் மூணு வேளை அடுப்பெரியுற, ஊரு ஃபுல்லா நானூறுக்கு கொஞ்சம் கம்மியா கிளை இருக்கிற ஒரு சாப்பாட்டு கடைக்கு உருப்படியா ஒரு ரிவ்யூ கண்ணுல பட மாட்டேங்குது. வர்றதெல்லாம் எந்த கட்சி ஆரம்பிச்சது எந்த கட்சி கண்டுக்கலன்ற சண்டைதான், சாம்பார் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. அதனால நானே எழுதுறேன். நான் அங்க ரெகுலரா சாப்பிடுறவன், காலை மதியம் ராத்திரி மூணுமே சாப்பிட்டிருக்கேன், சைதாப்பேட்டை பக்கம் நிறைய, வேலை விஷயமா சுத்துறப்போ மத்த ஏரியாவுலயும்.

மொதல்ல விலை. இட்லி 1 ரூபா. பொங்கல் 5 ரூபா. மதியம் சாம்பார் சாதம் 5 ரூபா, சில நாள் அதுக்கு பதிலா எலுமிச்சை சாதமோ கறிவேப்பிலை சாதமோ இருக்கும், அதுவும் 5 ரூபாதான். தயிர் சாதம் 3 ரூபா. ராத்திரி ரெண்டு சப்பாத்தியும் பருப்பும் சேர்த்து 3 ரூபா. பிப்ரவரி 2013ல ஜெயலலிதா ஆரம்பிச்சு வெச்சப்போ இட்லி என்ன விலையோ அதே விலைதான் இன்னிக்கும். கணக்கு போட்டு பாருங்க, காலைல 4 இட்லி ஒரு பொங்கல், மதியம் ஒரு சாம்பார் சாதம் ஒரு தயிர் சாதம், ராத்திரி 4 சப்பாத்தி, மொத்தம் 23 ரூபா. ஒரு ஆளு ஒரு நாள் முழுக்க வயிறு நிறைய சாப்பிட 23 ரூபா. ரோட்டுக்கடைல ரெண்டு டீ குடிச்சா அந்த காசு போயிடுது.

இப்ப ருசி. இட்லி சூடா இருக்கும், ஏன்னா ஏழு மணிலேர்ந்து தட்டு தட்டா இறக்கிக்கிட்டே இருக்காங்க, வேகவெச்சு எடுத்து வெச்சுட்டு உட்காந்திருக்கிற பேச்சே இல்ல, கூட்டம் அப்படி. சாம்பார் காரம் கம்மியா குழந்தையும் வயசானவங்களும் சாப்பிடுற மாதிரி இருக்கும், ஓட்டல் சாம்பார் மாதிரி வெல்லம் போட்ட இனிப்பு கிடையாது. பொங்கல்ல நெய் மணக்கணும் முந்திரி மினுக்கணும்னு நினைக்கிறவங்க வேற இடம் பாத்துக்கலாம், இது குழைய வெந்த மிளகு பொங்கல், பசி தாங்கும், பன்னெண்டு மணி வரைக்கும் வேற எதையும் தேட விடாது. என்னைக் கேட்டா அங்க இருக்கிறதுலயே பெஸ்ட் தயிர் சாதம். சென்னை வெயில்ல மே மாசம் மதியம் ஒரு மணிக்கு வெளில வேலை பாத்துட்டு வந்து அந்த 3 ரூபா தயிர் சாதத்தை ஒரு வாய் வெச்சீங்கன்னா தெரியும், நான் சொல்றது அதிகப்படியா இல்லன்னு. சப்பாத்தி மெஷின்ல போடுறது, கொஞ்சம் தடிமன், வாங்கின கையோட சாப்பிட்டுடணும்.

சிஸ்டம் ரொம்ப சிம்பிள். வரிசைல நின்னு காசு கொடுத்து டோக்கன் வாங்கணும், டோக்கனை உள்ள கொடுத்தா தட்டுல போட்டு தருவாங்க, உயரமான மேஜை இருக்கும், நின்னுட்டே சாப்பிடணும். பார்சல் கிடையாது. நின்னு சாப்பிடுறது கஷ்டம்னு நினைக்கிற முட்டிவலிக்காரங்களுக்கு மட்டும் ரெண்டு ஸ்டூல் போட்டா நல்லா இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை, மத்தபடி அந்த மேஜைல ஒரு விஷயம் நடக்குது, அதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதுறேன்.

அங்க யாரும் உங்கள எதுவும் கேக்கறதில்ல.

ரேஷன் கார்டு காட்டுன்னு சொல்றதில்ல, ஆதார் கேக்கறதில்ல, வருமானம் எவ்ளோன்னு கேக்கறதில்ல, நீ ஏழைதானான்னு நிரூபிக்க சொல்றதில்ல. ஃபார்ம் இல்ல, ஓடிபி இல்ல. 5 ரூபா கொடுத்தா சாம்பார் சாதம், அவ்ளோதான் அந்த இடத்தோட மொத்த சட்டமும். இலவசமா கொடுத்திருந்தா கூட இப்படி இருந்திருக்காதுன்னு நினைக்கிறேன், ஓசில வாங்குறப்போ கை நீட்டணும், இங்க காசை கொடுத்துட்டு டோக்கனை வாங்குறோம், நின்னு நம்ம பொருளை நாம சாப்பிடுறோம். அந்த 1 ரூபாய்க்கும் 5 ரூபாய்க்கும் இருக்கிற மரியாதை சாதாரணமானது இல்ல.

இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா வெளில நிலைமை நேர் எதிரா இருக்கு. சமீபத்துல நண்பர்களோட ஒரு நடுத்தர ரெஸ்டாரன்ட் போனோம், பேர் வேணாம், உட்காந்ததும் மொபைல் நம்பர் கேட்டாங்க, மெனுவுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ண சொன்னாங்க, சாப்பிட்டு முடிச்சதும் பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10 பர்சென்ட் ஏறியிருந்துச்சு, அது மேல ஜிஎஸ்டி வேற. சர்வீஸ் சார்ஜை கஸ்டமர் தலைல தானா ஏத்தக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே வழிகாட்டுதல் போட்டாச்சு, மார்ச் 2025ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு தீர்ப்பு சொல்லியாச்சு, ஆனாலும் டேபிள்ல பத்து பேர் முன்னாடி இதை எடுங்கன்னு கேக்க முக்கால்வாசி பேருக்கு கூச்சமா இருக்கு, அந்த கூச்சத்துலதான் அவங்க வியாபாரம் ஓடுது. ஆப்ல ஆர்டர் பண்ணா அது இன்னொரு கதை, பேக்கிங் சார்ஜ், பிளாட்பார்ம் ஃபீ, மழை பெஞ்சா மழைக்கு ஒரு ஃபீ, சின்ன ஆர்டர்னா அதுக்கு ஒரு ஃபீ. ஒரு பொங்கல் வடை வீட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை பேருக்கு கமிஷன் அழ வேண்டியிருக்கு.

சென்னைல மாச சம்பளம் வாங்குற ஒரு குடும்பத்தோட கணக்கை எடுத்துக்கோங்க. வாடகைல கை வைக்க முடியாது, ஈஎம்ஐல முடியாது, ஸ்கூல் ஃபீஸ்ல முடியாது, கேன் தண்ணி வாங்கித்தான் ஆகணும், பெட்ரோல் போட்டுத்தான் ஆகணும். இருபதாம் தேதிக்கு மேல கை வைக்க மிச்சம் இருக்கிறது வயிறு ஒண்ணுதான். காலைல சாப்பிடாம ஆபீஸ் போறது, மதியம் டீயும் பன்னும், இதை டயட்னு சொல்லிக்கிறவங்க பல பேர் எனக்கு தெரியும், எல்லாரும் ஐடி கார்டு மாட்டினவங்க. இந்த ஊர்ல பசி லுங்கி கட்டிக்கிட்டு மட்டும் வர்றதில்ல. அதனாலதான் கார்டு கேக்காம சோறு போடுற ஒரு இடம் முக்கியம்ன்றேன்.

மேஜைல யார் யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. மூட்டை தூக்குறவங்க, கார்ப்பரேஷன் தூய்மை பணியாளர்ங்க, ஆட்டோ அண்ணன்ங்க, வடக்கேருந்து வந்து கட்டட வேலை பாக்குற பசங்க, வாட்ச்மேன் தாத்தா, டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற பசங்க, டை கட்டின மெடிக்கல் ரெப். ஒரு நாள் மதியம் என் பக்கத்துல ஒரு ஃபுட் டெலிவரி பையன், இருபத்திரண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், முதுகுல இருந்த அந்த பெரிய பையை கழட்டாமலே சாப்பிட்டுக்கிட்டிருந்தான். பைக்குள்ள யாரோட பிரியாணியோ இருக்கு, வாசனை எங்க மேஜை வரைக்கும் வருது. இவன் தட்டுல சாம்பார் சாதம். ஃபோன் அடிச்சுது, இடது கையால எடுத்து "சார் வந்துட்டேன் சார், சிக்னல்ல நிக்குறேன்"ன்னு சொல்லிட்டு ரெண்டு வாய் வேகமா அள்ளி போட்டான். பரிமாறுற அக்கா பாத்துட்டு, "மெதுவா சாப்டு தம்பி, விக்கிக்கப் போவுது, அவுரு ஒண்ணும் ஓடிட மாட்டாரு"ன்னு சொல்லி ஒரு கரண்டி சாம்பார் சேத்து ஊத்துனாங்க. அவன் சிரிச்சுட்டு தண்ணி குடிச்சுட்டு தட்டை போட்டுட்டு ஓடினான். அந்த பிரியாணி 300 ரூபா இருக்கும், அதுல இவனுக்கு கிடைக்கிறது எவ்ளோன்னு ஆப்காரங்களுக்குத்தான் வெளிச்சம்.

ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற அம்மா உணவகத்தை தனியா சொல்லணும். சென்ட்ரலுக்கு எதிர்ல ஜிஹெச், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. அங்க வர்றவங்க பாதிப்பேர் வெளியூர், திருவள்ளூர் செங்கல்பட்டு திருவண்ணாமலை பக்கத்துலேர்ந்து. பேஷன்ட்டுக்கு ஆஸ்பத்திரியே சாப்பாடு கொடுக்குது, கூட இருக்கிறவங்களுக்கு யார் கொடுப்பா? எக்ஸ்ரே கவரை அக்குள்ல இடுக்கிக்கிட்டு வரிசைல நிக்கிற ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவுத்து நாணயமா எண்ணி எடுத்து வைக்கிறாங்க, ரெண்டு தயிர் சாதம், 6 ரூபா. வைத்தியம் ஃப்ரீயா இருந்தாலும் கூட இருக்கிறவங்க பத்து நாள் வெளில சாப்பிட்டா அதுலயே ஒரு குடும்பம் கடனாளி ஆயிடும், இது ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி படுத்தவங்களுக்கு தெரியும்.

இது நஷ்டத்துல ஓடுதுன்னு ஒரு பேச்சு வந்துக்கிட்டே இருக்கும். உண்மைதான், வரவை விட செலவு பல மடங்கு, மாநகராட்சிதான் தாங்குது. தெருவிளக்கு லாபத்துல ஓடுதான்னு யாராவது கேக்குறோமா? வரி கட்டுறவன்ற முறைல சொல்றேன், என் சொத்துவரில ஒரு பங்கு இட்லி மாவுக்கு போறதுல எனக்கு முழு சம்மதம். இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. 1920ல நீதிக்கட்சி காலத்துல, பிட்டி தியாகராயர் தலைமைல இருந்த இதே சென்னை மாநகராட்சிதான் ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மதிய சாப்பாடு போட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம்தான் காமராஜர் மதிய உணவு, 1982ல எம்ஜிஆர் சத்துணவு, 2022ல ஸ்டாலின் காலை உணவுன்னு வரிசையா வந்துச்சு. யார் ஆட்சி பண்ணாலும் சோறு போடுறதுல இந்த மாநிலம் பின்வாங்கினதில்ல, அதுல எனக்கு பெருமை உண்டு. 2021 மே மாசம் ஆட்சி மாறினப்போ முகப்பேர்ல ஒரு அம்மா உணவகத்து போர்டை சில கட்சிக்காரங்க பிடுங்கி போட்டாங்க, ஞாபகம் இருக்கும், அவங்க கட்சித் தலைமையே நடவடிக்கை எடுத்து போர்டை திரும்ப மாட்ட வெச்சுது. அதே பேருல அதே விலைல ஓடிச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துல, அப்புறம் 2020 ஊரடங்குல நிறைய ஓட்டல் ஷட்டரை இறக்கினப்போ இங்க இலவசமாவே போட்டாங்க. அன்னிக்கு அங்க சாப்பிட்டவங்கள்ல மாடி வீட்டுக்காரங்களும் இருந்தாங்க.

இப்ப எனக்கு உறுத்துற விஷயம். சமைக்கிறது எல்லாமே மகளிர் சுய உதவிக்குழு பெண்கள். விடிகாலைல வந்து அடுப்பு பத்த வெச்சு, அத்தாம் பெரிய அண்டாவுல சாதம் வடிச்சு, அந்த ஆவில நின்னு வேலை பாக்குறவங்க. ஜூலை 2024ல ஸ்டாலின் தேனாம்பேட்டை அம்மா உணவகத்துக்கு நேர்ல போய் பாத்துட்டு பாத்திரம் மாத்த, கட்டடம் சீர் பண்ண 21 கோடி ஒதுக்கினாரு, அந்த சமயத்துலதான் இவங்க தினக்கூலியும் 300லேர்ந்து 325 ஆச்சு. பாத்திரம் மாத்துனது ரொம்ப நல்லது, தேவைப்பட்டது. ஆனா 325 ரூபா? சென்னைல ஒரு பெண் 325 ரூபா தினக்கூலில எப்படி வாடகை கொடுப்பாங்க, எப்படி பிள்ளைய படிக்க வைப்பாங்க? இட்லி விலை ஏறாம இருக்கிறதுக்கு ஒரு பங்கு அவங்க கூலில இருந்து போயிடக்கூடாது. அவங்க கூலியை ஏத்த மாநகராட்சி இன்னும் பணம் போடட்டும், பத்தலைன்னா என்னை மாதிரி ஆளுங்ககிட்ட வரியா வாங்கட்டும், இட்லியை 1 ரூபாய்லயே விட்டுடட்டும். மாசம் அம்பதாயிரம் வாங்குறவன் ஏன் இங்க சாப்பிடுறான், ஏழைங்களுக்கு மட்டும்னு கார்டு போடுங்கன்னு அப்பப்ப ஒரு குரல் கேக்குது. அதை மட்டும் செஞ்சுடாதீங்க. கார்டுன்னு வந்தா அந்த கட்டட வேலை பையனுக்கும் ஊர்லேர்ந்து வந்த ஆஸ்பத்திரி அம்மாவுக்கும்தான் மொத அடி விழும், அவங்ககிட்டதான் சென்னை அட்ரஸ் ப்ரூஃப் இருக்காது.

போறவங்களுக்கு சில தகவல். காலைல 7லேர்ந்து 10, மதியம் 12லேர்ந்து 3, ராத்திரி 6லேர்ந்து 9. சில்லறை கையில வெச்சுக்கோங்க, 500 ரூபா நோட்டை நீட்டினா பின்னாடி நிக்கிறவங்களுக்கும் லேட் ஆகும். வேணுங்கிற அளவு மட்டும் வாங்குங்க, 5 ரூபாதானேன்னு வாங்கி தட்டுல மிச்சம் வைக்காதீங்க, பத்தலைன்னா இன்னொரு டோக்கன் வாங்கிக்கலாம். மதியம் ஒண்ணுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் கூட்டம் நெரியும், முடிஞ்சா பன்னெண்டேகாலுக்குள்ள போயிடுங்க. கறிவேப்பிலை சாதம் போடுற நாள் தெரிஞ்சா அன்னிக்கு அதையும் ஒரு தயிர் சாதத்தையும் சேத்து வாங்குங்க, 8 ரூபாய்க்கு அதைவிட நல்ல மதிய சாப்பாடு இந்த ஊர்ல எனக்கு தெரிஞ்சு இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் உள்ள நிக்கிற அக்காங்ககிட்ட நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை மார்க்கை கூலி ஏறின அன்னிக்கு போடுறேன்.